ரோமானியக் கவசத்தை அப்படியே செய்துவிடலாம், சண்டையை?

கேள்வி கேட்ட நண்பர் ஜெர்மனியில் ஓர் அருங்காட்சியக விழாவில், ரோமானியப் படைவீரர் உடையில் வந்தவர்கள் நடத்திய சண்டைக் காட்சியைப் பார்த்திருக்கிறார். "கவசம், கேடயம், காலில் போட்டிருந்த செருப்பு வரை எல்லாம் அச்சு அசலாக இருந்தது. சண்டை தொடங்கியதும் எல்லாமே ஒப்புக்கு நடப்பது போல ஆகிவிட்டது. இவ்வளவு மெனக்கெடுகிறவர்களால் சண்டையை மட்டும் ஏன் நிஜமாகக் காட்ட முடியவில்லை?" என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரோமானியர்கள் களத்தில் எப்படிச் சண்டையிட்டார்கள் என்பது நமக்குத் தெரியுமா? தெரிந்தாலும், ஒருவரையொருவர் கொல்லும் எண்ணம் இல்லாத மனிதர்களால் அதைச் செய்து காட்ட முடியுமா? முதல் கேள்விக்கு என் பதில்: பாதி தெரியும். இரண்டாவதற்கு: முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொன்றை மிக நேர்மையாகச் செய்து காட்ட முடியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பழங்கால வரலாறு படித்தவன். ரைன் நதியோரம் வசிக்கிறேன். பல வருடங்களாக ஒரு சிறு குழுவில், கி.பி. முதல் நூற்றாண்டு லீஜியன் (ரோமானியப் பெரும் படைப்பிரிவு) வீரனின் உடையும் ஆயுதமும் தரித்துப் பயிற்சி செய்துவருகிறேன். ரீஎனாக்ட்மென்ட் என்று எல்லா ஊரிலும் சொல்லப்படும் இந்த வேலையை இங்கே மறுநிகழ்த்தல் என்று எழுதுகிறேன். படித்துத் தெரிந்தது எது, கையால் பழகித் தெரிந்தது எது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

உடையும் கவசமும் அவ்வளவு நன்றாக இருப்பதற்குக் காரணம் எளிது. அவை மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. 1964-இல் வட இங்கிலாந்தில், ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹாட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் கோர்பிரிட்ஜில், ஒரு மரப்பெட்டி அகழாய்வில் வெளிவந்தது. அதற்குள் இரும்புப் பட்டைகளால் ஆன மார்புக் கவசங்களின் பாகங்கள் இருந்தன. அதுவரை பெரும்பாலும் ரோமிலுள்ள டிராஜன் தூணின் சிற்பங்களைப் பார்த்து ஊகத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அரச ஆயுத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரஸல் ராபின்சன் அந்தப் பாகங்களை வைத்து, உள்ளே ஓடும் தோல் வார்கள், கீல்கள், கொக்கிகள் உட்பட, உடம்பில் மாட்டி நடக்கக்கூடிய கவசமாக அதை மீட்டெடுத்தார். 1972-இல் இங்கிலாந்தில் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்டு என்ற குழு அந்த ஆய்வுகளைப் பின்பற்றி உடைகளைச் செய்தது. இன்று ஐரோப்பாவில் நீங்கள் பார்க்கும் பட்டைக் கவசங்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. 2018-இல் ஜெர்மனியின் கால்க்ரீஸ களத்தில் ஏறக்குறைய முழுமையான பட்டைக் கவசம் ஒன்று கிடைத்தது. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லீஜியன்கள் அழிந்த போரோடு பெரும்பாலான ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கும் இடம் அது.

ஆனால் பொருள்களிலேயே சந்தேகம் தொடங்கிவிடுகிறது. எல்லோர் மனதிலும் பதிந்திருக்கும் அந்த வளைந்த செவ்வகக் கேடயம் உலகத்தில் முழுசாக ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. சிரியாவின் டூரா-யூரோப்போஸ் நகரில் கிடைத்த அது 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மெல்லிய மரக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு ஒட்டிச் செய்தது, மொத்தத் தடிமன் ஐந்து மில்லிமீட்டர் அளவுதான். இன்னொரு பக்கம், எகிப்தின் ஃபயூம் பகுதியில் 1900-இல் கிடைத்த நீள்வட்டக் கேடயம் இருக்கிறது. 128 சென்டிமீட்டர் உயரம், மேலே கம்பளி உறை. அதேபோல ஒன்று செய்து பார்த்தபோது எடை சுமார் 10 கிலோ வந்தது. டூரா கேடயத்தைச் செய்து பார்த்தால் ஐந்தாறு கிலோதான் வருகிறது. முதல் நூற்றாண்டு வீரன் தூக்கியது இதில் எதற்குப் பக்கம்? இது சின்ன விஷயம் போலத் தோன்றும். கையில் பிடித்துப் பார்த்தால் அப்படி இல்லை. நடுவிலுள்ள ஒரே ஒரு குறுக்குப் பிடியை முஷ்டியால் பற்றி, கையைத் தொங்கவிட்டுத்தான் இதைத் தூக்க வேண்டும், முன்கையில் கட்டிக்கொள்ள வார் கிடையாது. ஆறு கிலோ என்றால் கேடயத்தின் குமிழால் எதிரியின் முகத்தைக் குத்தலாம், சட்டென்று மேலே ஏற்றி இறக்கலாம். பத்து கிலோ என்றால் அதை ஊன்றி, அதன் பின்னால் நின்று, தோளால் தள்ளுகிற சண்டையாகிவிடும். கடையில் கிடைக்கும் தடித்த ப்ளைவுட்டில் கேடயம் செய்துகொண்டு, "ரோமானியர்கள் மெதுவாகத்தான் நகர்ந்திருப்பார்கள்" என்று முடிவுக்கு வரும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது அந்த ப்ளைவுட்டைப் பற்றிய உண்மை மட்டும்தான்.

இரும்பும் அப்படியே. நாம் வாங்கும் தகடு தொழிற்சாலையில் உருட்டப்பட்ட சீரான எஃகு. அவர்களுடையது சிறு உலையில் தாதுவிலிருந்து பிரித்து, அடித்து அடித்துக் கசடு நீக்கிய இரும்பு, ஒரே தகட்டுக்குள்ளேயே தரம் மாறும். ஆகவே "எங்கள் கவசத்தை எங்கள் வாள் துளைக்கவில்லை" என்று யாராவது சோதனை செய்து காட்டினால், அதிலிருந்து பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். ரோமானிய வாள்வீச்சைப் பற்றி நேரடியாக எழுதியவர்களில் முக்கியமானவர் வெஜீஷியஸ். ஆறடி உயரக் கம்பத்தை நட்டு, இரு மடங்கு எடையுள்ள பிரம்புக் கேடயமும் மரவாளும் கொடுத்து, புதிய வீரனை அதன்மேல் பழக்கினார்கள் என்கிறார் அவர். ஒரு நேரம் முகத்துக்குக் குறி வைப்பது போல, ஒரு நேரம் விலாவுக்கு, ஒரு நேரம் முழங்காலுக்கு. வெட்டுவதைவிடக் குத்துவதை வலியுறுத்துகிறார். வெட்டு எவ்வளவு பலமாக விழுந்தாலும் எலும்பும் கவசமும் தடுத்துவிடும், இரண்டு அங்குலம் உள்ளே போன குத்து ஆளைக் கொன்றுவிடும், தவிர வெட்டக் கையை ஓங்கும்போது உன் வலப்பக்கம் திறந்துவிடும் என்பது அவர் காரணம். வெஜீஷியஸ் 4-ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குக் கொஞ்சம் பிறகோ எழுதியவர், பழைய காலத்தை உயர்த்திப் பேசுகிறவர். அதனால் அவரை அப்படியே முதல் நூற்றாண்டுக்குப் பொருத்தக் கூடாது. ரோமானியர்கள் வெட்டவே இல்லை என்பதும் பொய். கி.மு. 200-இல் ரோமானியரோடு மோதி இறந்த மாசிடோனியக் குதிரைவீரர்களின் உடல்களைப் பார்த்து, தோளோடு வெட்டப்பட்ட கைகளையும் துண்டான தலைகளையும் கண்டு அவர்களுடைய தோழர்கள் நடுங்கியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஆனால் முகத்தைக் குறிவைத்துக் குத்துவது வழக்கத்தில் இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கி.மு. 48-இல் ஃபார்சாலஸ் போரில் முதலில் பாய்ந்த சீசரின் வீரர் கிராஸ்டினஸ், முகத்தில் வாள் குத்தி இறந்ததாகச் சீசரே பதிவு செய்திருக்கிறார்.

நண்பர் பார்த்த காட்சி ஏன் ஒப்புக்கு நடப்பது போல இருந்தது என்பதற்கான முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது. நான் அறிந்த எல்லாக் குழுக்களிலும் முதல் பாதுகாப்பு விதி, முகத்தில் குத்தக் கூடாது என்பது. வாளின் விளிம்பு மழுங்கியிருக்கும், நுனி உருண்டையாக இருக்கும். அப்போதும் ஒரு கிலோ எஃகு வேகமாக வந்து கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஆகவே தோள், தொடை, விலா என்று சில இடங்களை மட்டும், அதுவும் வேகத்தைக் குறைத்துத் தொடுவோம். ரோமானியச் சண்டையின் அடிப்படையான அடியையே எடுத்துவிட்டோம் என்றால், மிச்சமுள்ள எல்லாமே மாறிவிடும். முகத்துக்குக் குத்து வராது என்று தெரிந்தவன் கேடயத்தை இறக்கிப் பிடிக்கிறான். இறக்கிப் பிடித்தால் கை சோர்வதில்லை. கை சோராததால் பின்வாங்க வேண்டிய அவசியம் வருவதில்லை. பின்வாங்காததால் இரண்டு வரிசையும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு, ஒருவர் கேடயத்தை ஒருவர் தட்டிக்கொண்டு நிற்கிறோம். பார்ப்பவருக்கு அது சண்டையாகத் தெரியாமல் போவது நியாயம்தான்.

பயம் இல்லை என்பதே இதற்கெல்லாம் வேர். கூர்மையான வாளோடு உன்னைக் கொல்லத் தயாராக ஒருவன் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும்போது, எந்த மனிதனும் எளிதாக அந்த இரண்டு மீட்டரைக் கடக்க மாட்டான். ஒத்திகையில் நாங்கள் அதைச் சிரித்துக்கொண்டே கடக்கிறோம். மெய்யான சண்டையின் காயங்கள் எப்படிப்பட்டவை என்பதைச் சமீபத்தில் வியன்னாவில் கிடைத்த புதைகுழி காட்டியது. 2024-இல் சிம்மரிங் பகுதியில் ஒரு கால்பந்து மைதானத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது, குறைந்தது 129 ஆண்களின் எலும்புகள் அவசரமாகக் குவித்துப் புதைக்கப்பட்ட நிலையில் வெளிவந்தன. முதல் நூற்றாண்டின் கடைசியில் டான்யூப் எல்லையில் நடந்த போர்களோடு அதை இணைத்துப் பார்க்கிறார்கள். தலையிலும் இடுப்பிலும் உடற்பகுதியிலும் ஈட்டி, வாள், எறிபடை ஏற்படுத்திய காயங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் ரோமானியர்கள் இறந்தவர்களை எரிப்பது வழக்கம் என்பதால், இப்படி எலும்புகள் கிடைப்பது மிக அரிது. இந்த எலும்புகள் முழுதாக ஆராயப்பட்ட பிறகு, காயங்கள் பெரும்பாலும் எந்த உயரத்தில், எந்தத் திசையிலிருந்து விழுந்தன என்ற கேள்விக்கு இப்போதைவிட நல்ல பதில் வரலாம்.

அடுத்தது நேரம். கனமான கேடயத்தோடும் தலைக்கவசத்தோடும் முழு வேகத்தில் சண்டையிட்டால் சில நிமிடங்களில் மூச்சு முட்டும். இதை எந்தக் குழுவில் கேட்டாலும் சொல்வார்கள், பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கும் அப்படித்தான். ஆனால் பழைய பதிவுகள் மணிக்கணக்கில் பேசுகின்றன. கி.மு. 58-இல் ஹெல்வெட்டியர் என்ற பழங்குடியினருடன் நடந்த போர் நண்பகல் கடந்து தொடங்கி மாலை வரை நீண்டது என்கிறார் சீசர். கி.மு. 49-இல் ஸ்பெயினின் இலெர்டாவில் ஐந்து மணி நேரம் சண்டை நடந்தது. அதிலும் கையிலிருந்த எறிபடைகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் வீரர்கள் வாளை உருவிக்கொண்டு மேட்டில் பாய்ந்தார்கள் என்று அவரே எழுதுகிறார். அதே நேரம் வென்ற பக்கத்தின் இழப்பு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஃபார்சாலஸில் சுமார் 22,000 பேரோடு இறங்கிய சீசர், தன் பக்கம் 200 வீரர்களும் 30 செஞ்சுரியன்களும் (சுமார் 80 பேர் கொண்ட அணிகளின் தலைவர்கள்) இறந்ததாகக் கணக்கு சொல்கிறார். வென்றவர் சொல்லும் கணக்கு என்று பாதி தள்ளுபடி செய்தாலும், இரண்டு வரிசைகள் மணிக்கணக்கில் இடைவிடாமல் வெட்டிக்கொண்டால் இழப்பு இப்படி இருக்கவே முடியாது.

ஆகவே இன்று பல வரலாற்றாசிரியர்கள் வேறொரு சித்திரத்தை வைக்கிறார்கள். வரிசைகள் பெரும்பாலான நேரம் கொஞ்சம் தள்ளி நின்று முறைத்துக்கொண்டும், கத்திக்கொண்டும், கிடைத்ததை எறிந்துகொண்டும் இருந்தன. எங்காவது ஒரு செஞ்சுரியனோ துணிச்சல்காரச் சிலரோ பாய்வார்கள், சில நொடிகள் கடுமையான கைகலப்பு நடக்கும், பிறகு இரு பக்கமும் விலகும். ஏதோ ஒரு பக்கம் மனம் உடைந்து திரும்பி ஓடும்போதுதான் பெரும் கொலை நடக்கும். செஞ்சுரியன்கள் விகிதத்துக்கு மீறி இறந்ததும் இதோடு பொருந்துகிறது. கலவரக்காரர்களும் கேடயம் ஏந்திய போலீஸாரும் மோதும் காட்சிகளில் இதே ஏற்ற இறக்கத்தைக் காணலாம் என்று சிலர் சுட்டுகிறார்கள். இரு பக்கமும் கொல்லும் நோக்கத்தோடு நிற்பதில்லை என்பதால் அந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் நீட்ட முடியாது. எனக்கு இந்தச் சித்திரம் பெரும்பாலும் சரி என்று படுகிறது. ஆனாலும் இது சான்றுகளை இணைத்துச் செய்த ஊகம்தான். இன்னும் நெருக்கமான, தொடர்ந்த வாள்சண்டையையே முன்வைக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். இதையே மைதானத்தில் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு குழுக்கள் பத்து மீட்டர் இடைவெளியில் வெகு நேரம் சும்மா நிற்கும். டிக்கெட் வாங்கி வந்தவர் எழுந்து போய்விடுவார். மெய்யான போரின் தாளத்துக்கும் அரை மணி நேர நிகழ்ச்சியின் தாளத்துக்கும் உள்ள இந்த முரண்பாட்டுக்கு எந்தக் குழுவும் தீர்வு கண்டதில்லை.

வீரர்களுக்கு இடையே எவ்வளவு இடம் என்பதில் அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேலாக வாதாடுகிறார்கள். ரோமானிய வீரன் ஆயுதத்தோடு நிற்க மூன்று அடி வேண்டும், வாள் வீச இன்னொரு மூன்று அடி இடைவெளி வேண்டும் என்ற பொருளில் எழுதுகிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். ஒருவருக்கு மூன்று அடி என்கிறார் வெஜீஷியஸ். ரோமானிய அடி சுமார் 29.6 சென்டிமீட்டர். ஆக ஒரு வீரனுக்குக் கிடைத்த அகலம் 90 சென்டிமீட்டரா, 180 சென்டிமீட்டரா? இதைப் பொறுத்து ஒரு லீஜியன் மறிக்கும் களத்தின் அகலமே இரட்டிப்பாகும். கையால் பழகி நான் கண்டது இது: 90 சென்டிமீட்டரில் கேடயங்கள் ஏறக்குறையத் தொட்டுக்கொள்ளும், குத்துவதற்கு அது போதும், தைரியமும் தருகிறது. ஆனால் பின்வரிசையில் நிற்பவன் எறிவேலைப் பின்னால் இழுத்தால் அவனுக்குப் பின்னால் இருப்பவனின் பல் உடையும். 180-இல் எறிவது சுகம், ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாதது போன்ற உணர்வு வந்துவிடும், எதிரி நெருங்கினால் தானாகவே பக்கத்து ஆளை நோக்கி ஒதுங்குவோம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்காமல், எறியும்போது விரிந்து, மோதும்போது குறுகியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம், சான்று என்று சொல்ல மாட்டேன். இடம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் உறுதியான சாட்சி உண்டு. கி.மு. 57-இல் நெர்வியர் என்ற பழங்குடியினரோடு நடந்த போரில் 12-ஆம் லீஜியன் வீரர்கள், நெரிசலான பேருந்தில் சட்டைப்பைக்குள் கைவிட முடியாமல் நிற்பது போல, ஒருவரோடொருவர் நெருக்கிக்கொண்டு வாளை வீச முடியாமல் தவித்தார்கள். சீசர் பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போய், செஞ்சுரியன்களைப் பெயர் சொல்லி அழைத்து, அணியைத் தளர்த்தி நிற்கச் சொன்னார்.

இந்த நெரிசலை இருபது பேரால் காட்டவே முடியாது. ஒரு செஞ்சுரியில் சுமார் 80 பேர், ஒரு கோஹார்ட்டில் சுமார் 480, ஒரு லீஜியனில் ஏறத்தாழ 5,000. பெரிய விழாவில் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்தாலும் ஒரு கோஹார்ட்டை நிரப்புவதே கஷ்டம். இருபது பேர் இரண்டு வரிசையாக நின்றால் யார் வேண்டுமானாலும் பின்னால் திரும்பிப் போகலாம். ஆறெட்டு வரிசை ஆழத்தில் முன்னால் நிற்பவனுக்கு அந்த வழி கிடையாது. அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கூட்டம்தான் அவனை நிற்க வைத்தது. அந்தக் கூட்டம் கலைந்தால்தான் படை தோற்றது. ஒரு படை எப்படி உடைகிறது என்பதே பழங்காலப் போரின் மையக் கேள்வி. அதைத்தான் நாங்கள் சிறிதும் தொட முடியாமல் இருக்கிறோம்.

மக்கள் எதிர்பார்க்கும் சில காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஞ்சுரியன் விசில் ஊதியதும் முன்வரிசை பின்னால் போய் அடுத்த வரிசை முன்னால் வருவது தொலைக்காட்சியால் பிரபலமானது, அந்த முறைக்குப் பழைய நூல்களில் சாட்சி இல்லை. களைத்தவர்களுக்குப் பதில் புதியவர்கள் வந்தார்கள் என்பது மட்டும் உறுதி. கேடயங்களை ஓடு போலக் கவித்து நிற்கும் 'ஆமை' அணி உண்மையானது, ஆனால் அது பெரும்பாலும் மதிலை நெருங்கவும் அம்பு மழையைத் தாங்கவும் பயன்பட்டது. கைகலப்பில் அது பயன்படாது. எல்லாக் குழுவும் அதை முதலில் காட்டுவதற்குக் காரணம், அதைச் சில பேராலும் நன்றாகச் செய்ய முடியும் என்பதுதான். லத்தீன் கட்டளைகளைக் கேட்டிருப்பீர்கள். அவற்றில் சான்றுள்ள நல்ல பகுதி 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு பைசாந்தியப் படைநூலிலிருந்து எடுத்தது. முதல் நூற்றாண்டு உடையில் நின்று, ஐந்நூறு வருடம் பிந்திய கட்டளையைக் கேட்டு நகர்கிறோம். மிச்சம், நம் காலத்தில் லத்தீன் தெரிந்தவர்கள் உருவாக்கியவை. இதைப் பார்வையாளருக்குச் சொல்லிவிட்டால் தவறில்லை, சொல்லாமல் விடுவதை நான் ஏற்பதில்லை.

துப்பாக்கிக் காலத்துப் போர்களை மறுநிகழ்த்துகிறவர்களுக்கு இந்தச் சங்கடங்களில் பாதி கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரையோ நெப்போலியன் காலத்தையோ செய்பவர்கள் குண்டில்லாத வெடிமருந்தைச் சுடுகிறார்கள். புகை நிஜம், சத்தம் நிஜம், துப்பாக்கியில் மருந்து நிரப்பும் கை அசைவுகள் எல்லாம் நிஜம். அச்சிட்ட பயிற்சிக் கையேடுகளே அவர்களிடம் இருக்கின்றன. எதிரி தூரத்தில் இருக்கிறான், சுடப்பட்டு விழ வேண்டியவன் தானே விழுந்துகொள்வான். வாளுக்கு அப்படிப் பாதுகாப்பான ஒரு மாற்று இல்லை. ஆயுதம் உடலைத் தொடும் அந்தக் கணமே சண்டை, அந்தக் கணத்தைத்தான் நாம் விட்டுவிட வேண்டியிருக்கிறது.

எறிவேல் மட்டும் கொஞ்சம் விலக்கு. ஆள்மேல் எறிய முடியாது, ஆனால் பலகைமேல் எறிந்து அளக்கலாம். அதனால் இதில் நம் அறிவு உறுதியாக இருக்கிறது. சுமார் இரண்டு மீட்டர் நீளம், முன்பாதியில் மெல்லிய நீண்ட இரும்புத் தண்டு, சிறு கூர்முனை. நல்ல எறி முப்பது மீட்டர் வரை போகும், துளைக்கும் பலம் அதில் பாதித் தூரத்துக்குள்தான். முனை பலகையைத் துளைத்த பிறகு மெல்லிய தண்டு அந்த ஓட்டையில் தடையில்லாமல் நுழைந்து, கேடயத்துக்குப் பின்னால் இருப்பவனைத் தொடும். தண்டு வளைந்து கேடயத்தில் சிக்கிக்கொள்ளும், அதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று பாடப்புத்தகங்களில் வரும். ஹெல்வெட்டியரின் கேடயங்களில் அப்படி நடந்ததாகச் சீசர் எழுதியிருப்பது உண்மை. ஆனால் செய்து எறிந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் வளைவதில்லை. துளைப்பதே முதல் நோக்கம், வளைவது சில நேரம் கிடைத்த கூடுதல் பலன் என்ற கருத்துதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி ஆரம்பத்தில் சொன்ன 'பக்கத்தில் இருக்கும் வேறொன்று'. ரோமானியர்கள் தாங்களே ரத்தம் சிந்தாத சண்டையை வருடம் முழுக்க நடத்தினார்கள். யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ், அவர்களுடைய பயிற்சி ரத்தமில்லாத போர் என்றும், போர் ரத்தமுள்ள பயிற்சி என்றும் எழுதினார். கி.பி. 128-இல் பேரரசர் ஹாட்ரியன் வட ஆப்பிரிக்காவின் லம்பேசிஸ் முகாமில் படைகளின் பயிற்சியைப் பார்த்து, வேல் எறிந்ததையும் கவண் வீசியதையும் சுவர் எழுப்பியதையும் பிரிவு பிரிவாக விமர்சித்துப் பேசிய உரை கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. சில வருடங்கள் கழித்து, ரோமானிய ஆளுநராக இருந்த கிரேக்க எழுத்தாளர் அரியன், குதிரைப்படை முகமூடித் தலைக்கவசத்தோடு, இரும்பு முனை இல்லாத வேல்களை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடிய பயிற்சியை விரிவாக எழுதினார். 2017-இல் ஹாட்ரியன் சுவரின் மேற்குப் பக்கமுள்ள கார்லைலில் 30 குதிரைவீரர்கள் இந்தப் பயிற்சியைத்தான் பொதுமக்கள் முன் செய்து காட்டினார்கள். அங்கே யாரும் யாரையும் கொல்வது போல நடிக்க வேண்டியதில்லை. அன்று எப்படி முனையில்லாத வேல் எறியப்பட்டதோ அப்படியே இன்றும் எறியலாம். அன்றைய விதியும் இன்றைய பாதுகாப்பு விதியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இடம் இது. எங்கள் துறை சண்டைக் காட்சியைக் குறைத்துக்கொண்டு பயிற்சிக் களத்துக்கு நகர வேண்டும் என்று நான் குழுக்களிடம் தொடர்ந்து சொல்லிவருவதற்கு இதுதான் காரணம்.

நடையும் அப்படித்தான். 1985-இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் மார்கஸ் யுங்கெல்மான் தோழர்களோடு, முழு ரோமானியச் சுமையோடு வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தார். செருப்பின் தேய்மானம், சுமை தோளில் பதியும் இடம், மாவு அரைக்கப் பிடிக்கும் நேரம் போன்றவற்றை இப்படி நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும். செருப்பின் அடியில் அடித்திருக்கும் இரும்பு ஆணிகள் மண் பாதையில் நல்ல பிடிமானம் தரும், வழவழப்பான கல் தளத்தில் வழுக்கும். கி.பி. 70-இல் எருசலேம் ஆலய முற்றத்தில் எதிரிகளைத் தனியாளாக விரட்டிய ஜூலியானஸ் என்ற செஞ்சுரியன், இந்த ஆணிகளால் கல்தளத்தில் வழுக்கி விழுந்து கொல்லப்பட்டதாக ஜோசிஃபஸ் எழுதுகிறார். இப்போதும் பழைய நகரங்களின் கல் பாவிய தெருவில் அணிவகுக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் இந்த வழுக்கல் தெரியும். அந்தப் பத்தியை முதலில் படித்தபோது எனக்கு அது ஒரு சம்பவம் மட்டுமே. ஆணிச் செருப்போடு நடந்த பிறகு அவர் சொல்வது நம்பத்தக்க சாட்சியாகிவிட்டது. மறுநிகழ்த்தல் அறிவுக்குத் தரும் உண்மையான பங்களிப்பு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். எது நடந்தது என்று அது நிரூபிக்காது. எது நடந்திருக்கவே முடியாது, எழுதியவர் எதைக் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று சொல்லும்.

நண்பர் கேள்வியின் கடைசியில், "அப்படியானால் இந்த விழாக்களுக்குப் போவதில் பயன் உண்டா?" என்றும் கேட்டிருந்தார். நிச்சயம் உண்டு. ஜெர்மனியின் க்ஸாண்டன், ஆஸ்திரியாவின் கர்னுன்டும் போன்ற இடங்களில் ரோமானிய நகரத்தின் மேலேயே நின்று பார்க்கலாம். பெரிய மோதல் காட்சியைவிட, அதற்கு முன்னால் நடக்கும் கம்பப் பயிற்சியையும், பலகைமேல் எறிவேல் எறிவதையும், ஒரே அடியில் நகரும் கேடய வரிசையையும் கவனியுங்கள். காட்சி முடிந்ததும் நடித்தவரிடம் போய், இதில் எது நூலிலிருந்து வந்தது, எது மண்ணிலிருந்து வந்தது, எது நீங்களே யோசித்தது என்று கேளுங்கள். நல்ல குழுவில் இந்தக் கேள்வியை மிகவும் விரும்புவார்கள். முடிந்தால் அந்தக் கேடயத்தை வாங்கி, கண் மட்டத்துக்கு உயர்த்தி, முகத்தை மறைத்தபடி ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.